காற்றாலை தயார், லைன் எங்கே?

கேள்வி இது: காற்று நன்றாக அடிக்கும் நாட்களில்தான் காற்றாலைகளை நிறுத்தி வைக்கச் சொல்கிறார்களாமே, அது ஏன்? பெரிய மின்கடத்தல் லைன்களைப் போட்டால் தீருமா, இல்லை பேட்டரி வைத்தே சமாளித்துவிடலாமா? அப்புறம், ஒரு லைன் போட எதற்குப் பத்து வருடம்?

நேரடியாகச் சொல்லிவிடுகிறேன். லைன் போடாமல் தீராது. பேட்டரி நல்ல துணை, ஆனால் லைன் செய்யும் வேலையை அது செய்யாது. இதைவிட முக்கியம், லைனை எப்போது போடுகிறோம் என்பது. காற்றாலையைக் கட்டி முடித்த பிறகு லைனைப் பற்றி யோசித்த இடங்களில் எல்லாம் மின்சாரம் வீணாகியிருக்கிறது. லைனை முதலில் போட்ட இடத்தில் காற்றாலைகள் தாமாகவே வந்து சேர்ந்திருக்கின்றன.

நிலக்கரியை ரயிலில் ஏற்றிக் கொண்டுவரலாம், எரிவாயுவைக் குழாயில் கொண்டுவரலாம், அதனால் மின்நிலையத்தை நகரத்துக்குப் பக்கத்திலேயே கட்ட முடிந்தது. காற்றை அப்படிக் கொண்டுவர முடியாது, அது அடிக்கும் இடத்துக்கு நாம்தான் போக வேண்டும். அந்த இடங்கள் பெரும்பாலும் ஆள் குறைவான சமவெளி, மலைக்கணவாய், கடலோரம், நடுக்கடல். அங்கே ஏற்கெனவே ஒரு லைன் இருந்தாலும், அது நாலு கிராமத்துக்கு மின்சாரம் கொண்டுபோகப் போட்ட லைன், கிரிட்டின், அதாவது மின்நிலையங்களையும் ஊர்களையும் இணைக்கும் மின்வலையின், வால்பகுதி. அதன் முனையில் 500 மெகாவாட் காற்றாலையைக் கொண்டுபோய் வைத்தால், மின்சாரம் எதிர்த்திசையில், அதுவும் பல மடங்கு அளவில் ஓட வேண்டியிருக்கும். அந்தக் கம்பி அதற்காகப் போடப்பட்டதல்ல.

இதோடு காற்றின் குணம் வேறு சேர்ந்துகொள்கிறது. காற்றின் வேகம் இரட்டிப்பானால் அதிலுள்ள ஆற்றல் எட்டு மடங்காகிறது. ஒரே பகுதியில் இருக்கும் காற்றாலைகள் எல்லாம் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் உச்சத்துக்குப் போகும், ஒரே நேரத்தில் இறங்கும். ஆண்டு சராசரி எடுத்தால் நிலத்திலுள்ள ஒரு நல்ல காற்றாலை தன் முழுத்திறனில் 30 முதல் 40 சதவீதம் வரை தரும். ஆனால் அந்தச் சராசரி, லைனுக்கு எந்த உதவியும் செய்யாது. உச்ச நேரத்தில் அத்தனையும் ஒன்றாக வந்து முட்டும்போது லைன் தாங்க வேண்டும், தாங்காவிட்டால் கட்டுப்பாட்டு அறையிலிருந்து "உற்பத்தியைக் குறை" என்று உத்தரவு வரும். காற்று நன்றாக அடிக்கும் நாளில்தான் நிறுத்தச் சொல்கிறார்கள் என்பதற்குக் காரணம் இதுதான், அந்த நாளில்தான் லைன் நிரம்புகிறது.

லைன் 'நிரம்புவது' என்றால் என்ன என்றும் பார்த்துவிடலாம், ஏனென்றால் தீர்வுகள் எல்லாம் அதிலிருந்துதான் வருகின்றன. குட்டையான லைனுக்கு எல்லை வெப்பம். மின்னோட்டம் கூடக் கூடக் கம்பி சூடேறி, நீண்டு, தொய்கிறது. அளவுக்கு மேல் தொய்ந்தால் மரத்தையோ கீழே இருக்கும் எதையோ நெருங்கிவிடும். நீளமான லைனில் வெப்ப எல்லை வருவதற்கு முன்பே வேறு எல்லை வந்துவிடும், மின்னழுத்தம் சரியும் அல்லது இரண்டு முனைகளிலும் இருக்கும் இயந்திரங்கள் ஒத்திசைவை, அதாவது ஒரே தாளத்தில் சுழல்வதை, இழக்கும். இதற்கெல்லாம் மேலே ஒரு பாதுகாப்பு விதி உண்டு: எந்த ஒரு லைன் திடீரென்று விழுந்தாலும் மற்ற லைன்கள் அதன் சுமையைத் தாங்க வேண்டும். எனவே இரண்டு லைன் இருக்கும் பாதையில் இரண்டையும் முழுக்கப் பயன்படுத்தவே முடியாது. வெளியிலிருந்து பார்த்தால் பாதி காலியாகத் தெரியும் லைன், இயக்குபவர்கள் கணக்கில் நிரம்பிய லைன்.

மின்னழுத்தத்தைக் கூட்டுவது பழைய, நம்பகமான வழி. அதே அளவு மின்சாரத்தை இரட்டை மின்னழுத்தத்தில் அனுப்பினால் மின்னோட்டம் பாதியாகும், கம்பியில் வெப்பமாக வீணாவது நாலில் ஒரு பங்காகும். 400 கிலோவோல்ட், 765 கிலோவோல்ட் என்று ஏறிக்கொண்டே போவது இதற்காகத்தான். டவர் உயரமாகும், கீழே விட வேண்டிய நிலத்தின் அகலமும் கூடும், ஆனால் ஒரு மெகாவாட்டுக்குத் தேவைப்படும் நிலம் என்று பார்த்தால் குறையும். நாலு சின்ன லைன் போடும் இடத்தில் ஒரு பெரிய லைனே மேல்.

சரி, அப்படியென்றால் போட வேண்டியதுதானே? இங்கேதான் முடிச்சு விழுகிறது. காற்றாலைக்காரர் "லைன் வரட்டும், கட்டுகிறேன்" என்பார், லைன் இல்லாத இடத்தில் கட்ட வங்கி கடன் தராது. லைன் போடும் நிறுவனமோ "காற்றாலை வரட்டும், போடுகிறேன்" என்னும், யாரும் பயன்படுத்தாத லைனின் செலவை மக்கள் தலையில் வைக்க ஒழுங்குமுறை ஆணையம் சம்மதிக்காது. இரண்டு பக்கமும் சொல்வது அவரவர் இடத்திலிருந்து நியாயம்தான். போதாததற்கு இரண்டின் காலமும் வேறு. காற்றாலைப் பண்ணையை ஓரிரு ஆண்டில் கட்டி முடித்துவிடலாம். சர்வதேச எரிசக்தி முகமை 2023இல் வெளியிட்ட கிரிட் அறிக்கை, புதிய கடத்தல் கட்டமைப்புக்குத் திட்டமிடுவதிலிருந்து முடிப்பது வரை 5 முதல் 15 ஆண்டுகள் ஆகும் என்கிறது. உலகம் முழுக்க 3,000 கிகாவாட்டுக்கு மேற்பட்ட புதுப்பிக்கத்தக்க மின்திட்டங்கள் கிரிட் இணைப்புக்காக வரிசையில் நிற்பதாகவும் அதே அறிக்கை சொன்னது. அதில் எல்லாமே கட்டப்படப் போவதில்லை, இடம் பிடித்து வைப்பதற்காக விண்ணப்பித்தவர்களும் உண்டு, ஆனாலும் அந்த எண்ணைச் சாதாரணமாகக் கடந்துபோக முடியவில்லை.

இந்த முடிச்சை அவிழ்த்துக் காட்டியது அமெரிக்காவின் டெக்சாஸ். அங்கே காற்று மேற்கிலும் வடக்குப் பகுதியிலும், நகரங்கள் கிழக்கில். 2009 வாக்கில் காற்று மின்சாரத்தில் சுமார் 17 சதவீதத்தை லைன் இல்லாததால் வீணாக விட்டார்கள். ஆனால் அதற்கு முன்பே, 2005இல், மாநிலச் சட்டமன்றம் ஒரு சட்டம் கொண்டுவந்திருந்தது: காற்று வளம் மிகுந்த பகுதிகளை ஆணையம் முதலில் அடையாளம் காண வேண்டும், அங்கே காற்றாலை வருவதற்கு முன்பே லைன் போட உத்தரவிட வேண்டும், செலவை எல்லா நுகர்வோர் மீதும் பகிர வேண்டும். 2008இல் திட்டம் முடிவானது, 2014 தொடக்கத்துக்குள் சுமார் 5,800 கிலோமீட்டர் நீளத்துக்கு 345 கிலோவோல்ட் லைன்கள் தயார். கிட்டத்தட்ட 18,500 மெகாவாட் காற்று மின்சாரத்தைக் கடத்த ஏற்றவை. செலவு ஏறக்குறைய 700 கோடி டாலர், முதலில் போட்ட மதிப்பீட்டைவிட நன்றாகவே கூடியது. ஆனால் 2014இல் வீணான காற்று மின்சாரம் 0.5 சதவீதத்துக்கு இறங்கியது. பிறகு காற்றாலைகள் பெருகிப் பெருகி அந்த லைன்களும் நிரம்பின, வீணாவது மறுபடி ஏறியது. இதைத் தோல்வி என்று சிலர் எழுதுகிறார்கள், எனக்கு அப்படித் தோன்றவில்லை. போட்ட லைன் நிரம்பியது என்றால் போட்டது சரி என்றுதான் பொருள், அடுத்த சுற்றை அதற்குள் ஆரம்பித்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஒன்றைக் கவனியுங்கள். டெக்சாஸ் கிரிட் பெரும்பாலும் ஒரே மாநிலத்துக்குள் அடங்கியது, முடிவெடுக்க ஒரே ஆணையம். பல மாநிலங்களைத் தாண்டும் லைனுக்கு இந்த வசதி கிடையாது. நியூ மெக்சிகோவிலிருந்து அரிசோனாவுக்குப் போகும் சன்சியா லைனைப் பாருங்கள். சுமார் 885 கிலோமீட்டர், 3,000 மெகாவாட். பேச்சு ஆரம்பித்தது 2006இல். 2015இல் ஒரு முறை மத்திய அரசின் ஒப்புதல் கிடைத்தது, பிறகு பாதை மாற்றம், மறுபடி ஆய்வு, கட்டுமானம் தொடங்கியது 2023இல். பதினேழு ஆண்டுகள் காகிதத்திலேயே போயின.

டெக்சாஸுக்கு நேர்மாறான வழியில் போனது சீனா. கான்சு மாகாணத்தின் ஜியுச்சுவான் பகுதியில் காற்றாலைகளை வேகவேகமாகக் கட்டினார்கள், வெளியே கொண்டுபோகும் லைன் பின்தங்கியது. 2016இல் கான்சுவில் காற்று மின்சாரத்தில் 43 சதவீதம் வீணானது, நாடு முழுக்கச் சராசரி 17 சதவீதம், கிட்டத்தட்ட 5,000 கோடி யூனிட். 2017இல் ஜியுச்சுவானிலிருந்து ஹூனான் மாகாணத்துக்கு ஏறத்தாழ 2,400 கிலோமீட்டர் நீள ±800 கிலோவோல்ட் டிசி (ஒரே திசையில் ஓடும் மின்னோட்டம்) லைன் வந்தது, திறன் 8,000 மெகாவாட். ஆனால் அதிலும் முதல் சில ஆண்டுகள் முழு அளவில் அனுப்ப முடியவில்லை. ஹூனான் பக்கத்து கிரிட்டுக்கு அவ்வளவையும் வாங்கி உள்ளே பிரித்தனுப்பும் வலு இல்லை, அனுப்பும் பக்கத்தில் காற்றின் ஏற்ற இறக்கத்தை ஈடுகட்டும் மின்நிலையங்களும் போதவில்லை. நெடுந்தூர லைனுக்குப் பின்னால் போய்ச் சேரும் ஊரின் உள் லைன்களும் சப்ஸ்டேஷன்களும் பெருக வேண்டும் என்பதைத் திட்டம் போடுபவர்கள் எளிதில் மறந்துவிடுகிறார்கள். பிறகு சீனா மற்ற லைன்களையும் சந்தை விதிகளையும் சேர்த்துச் சரிசெய்து, 2019இல் நாட்டுச் சராசரியை 4 சதவீதத்துக்குக் கொண்டுவந்தது.

டிசி என்று சொன்னதும் அடுத்த கேள்வி வரும்: எல்லாவற்றையும் டிசியில் போட்டால் என்ன? இரண்டு முனையிலும் ஏசியை (திசை மாறி மாறி ஓடும் வழக்கமான மின்னோட்டம்) டிசியாகவும், டிசியை ஏசியாகவும் மாற்றும் கன்வெர்ட்டர் நிலையம் வேண்டும், அது விலை அதிகம். எனவே தலைக்கு மேலே போகும் லைன் என்றால் சுமார் 600-800 கிலோமீட்டரைத் தாண்டும்போதுதான் டிசி கட்டுப்படியாகும். கடலடிக் கேபிளில் கதை வேறு. கேபிளில் ஏசி ஓடினால் கேபிளே மின்தேக்கி மாதிரி நடந்துகொண்டு, அதை நிரப்பி நிரப்பிக் காலி செய்வதிலேயே மின்னோட்டத்தின் பெரும்பங்கு போய்விடும். அதனால் அங்கே 50-100 கிலோமீட்டர் தாண்டினாலே டிசிதான். நடுக்கடல் காற்றாலைகள் தொலைவில் போகப் போக டிசிக்கு மாறுவது இதனால்தான்.

டிசிக்கு இன்னொரு அருமையான குணம் உண்டு. எவ்வளவு அனுப்ப வேண்டும் என்று நாம் நிர்ணயிக்கலாம். ஏசி கிரிட்டில் அது முடியாது, வயலுக்குள் பாயும் தண்ணீர் பள்ளம் பார்த்து எல்லா வாய்க்காலிலும் பிரிந்து ஓடுவதுபோல மின்சாரம் தடை குறைந்த எல்லாப் பாதைகளிலும் தானே பிரிந்து ஓடும். ஜெர்மனியின் வடக்கில் காற்று பலமாக அடிக்கும்போது, தெற்கிலுள்ள பவேரியாவுக்கு விற்ற மின்சாரத்தின் ஒரு பகுதி போலந்து, செக் குடியரசு வழியாகச் சுற்றிக்கொண்டு போனது. அந்த நாடுகளின் லைன்கள் அவர்கள் கேட்காமலே நிரம்பின. கடைசியில் இரண்டு நாடுகளும் எல்லையில், மின்சாரம் எந்தப் பாதையில் எவ்வளவு ஓட வேண்டும் என்பதைத் திருப்பிவிடும் தனிவகை டிரான்ஸ்பார்மர்களை வைத்துத்தான் அந்த ஓட்டத்தைக் கட்டுப்படுத்தின. ஒரு நாடு தன் லைனைத் தள்ளிப்போட்டால் பக்கத்து நாடு சுமக்கிறது.

அந்த ஜெர்மனியில் வடக்கையும் தெற்கையும் இணைக்க சூட்லிங்க் என்ற டிசி லைன், சுமார் 700 கிலோமீட்டர், 4,000 மெகாவாட். 2022இல் முடிந்திருக்க வேண்டியது, இப்போதைய இலக்கு 2028. பாதையோர மக்கள் டவர்களைக் கடுமையாக எதிர்த்தார்கள், 2015இல் இப்படிப்பட்ட டிசி லைன்களை நிலத்தடிக் கேபிளாகப் போட முன்னுரிமை தரும் சட்டம் வந்தது, திட்டமிடல் ஏறக்குறைய முதலிலிருந்து ஆரம்பித்தது. இந்தத் தாமதத்துக்கு விலை இருக்கிறது. லைன் இல்லாததால் வடக்கில் காற்றாலையைக் குறைத்துவிட்டு, தெற்கில் வேறு மின்நிலையத்தை ஓட்ட வேண்டியிருக்கிறது, இரண்டுக்கும் பணம் தர வேண்டும். ஜெர்மனியில் இப்படி நெரிசலைச் சமாளிக்கும் செலவு 2022, 2023 இரண்டு ஆண்டுகளிலும் ஆண்டுக்கு 300 கோடி யூரோவைத் தாண்டியது. ஸ்காட்லாந்துக்கும் இங்கிலாந்துக்கும் இடையே இதே கதைதான். அங்கே மேற்குக் கடலோரமாக 2,200 மெகாவாட் கடலடிக் கேபிள் ஒன்று முழுமையாக இயங்கத் தொடங்கிய பிறகும், வடக்கில் காற்றாலைகள் அதைவிட வேகமாகக் கூடியதால் நெரிசல் தீரவில்லை.

எதிர்ப்பு தெரிவிக்கும் மக்களை வளர்ச்சிக்குக் குறுக்கே நிற்பவர்கள் என்று பேசுவது எனக்குப் பிடிப்பதில்லை. காற்றாலைக்கும் நகரத்துக்கும் நடுவில், லைன் போகும் பாதையில் இருக்கும் ஒருவருக்கு அந்த லைனால் காற்றாலை வாடகையும் கிடைக்காது, நகரத்தின் மின்சாரமும் கிடைக்காது. டவர் மட்டும் அவர் நிலத்தில் நிற்கும், கம்பிக்குக் கீழே உயரமான மரம் வளர்க்க முடியாது, வீடு கட்ட முடியாது, நிலத்தின் விலையும் விழும். டவர் அடிக்கு மட்டும் ஒருமுறை பணம் கொடுத்துவிட்டு நிம்மதியாகப் போகலாம் என்று நினைக்கும் நிறுவனம்தான் பிறகு வழக்குமன்றத்தில் வருடங்களைத் தொலைக்கிறது. லைன் போகும் அகலம் முழுமைக்கும் இழப்பீடு, ஆண்டுதோறும் வாடகை மாதிரி ஒரு தொகை, பாதையை முடிவுசெய்யும் முன்பே வரைபடத்தோடு போய் உட்கார்ந்து பேசுவது, இவை எல்லாம் மொத்தச் செலவில் சின்னப் பங்கு. மூன்று ஆண்டுத் தாமதத்தின் செலவோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை.

புதிய லைன் வரும்வரை சும்மா இருக்க வேண்டுமா? வேண்டாம், இருக்கும் லைனிலேயே எடுக்க வேண்டியது நிறைய இருக்கிறது, பலர் அதைத் தொடுவதில்லை. ஒரு லைனின் கொள்ளளவை வழக்கமாகக் கொளுத்தும் வெயில், காற்றே இல்லாத நாள் என்ற மோசமான நிலையை வைத்துக் கணக்கிட்டு நிரந்தரமாக நிர்ணயித்துவிடுவார்கள். ஆனால் காற்றாலை முழு வேகத்தில் சுற்றும் நேரத்தில் அதே காற்று பக்கத்திலுள்ள கம்பியையும் குளிர்விக்கிறது! கம்பியின் தொய்வையும் வெப்பத்தையும் சென்சார் வைத்து அளந்து, அந்தந்த நேரத்துக்கு ஏற்ப அளவை மாற்றினால் அதே லைனில் கூடுதலாக அனுப்ப முடியும். பெல்ஜியத்தில் இதைப் பல ஆண்டுகளாகச் செய்கிறார்கள். இன்னொரு வழி, டவரை அப்படியே விட்டுவிட்டுக் கம்பியை மட்டும் மாற்றுவது. எஃகு நடுவில் வைத்த பழைய அலுமினியக் கம்பிக்குப் பதிலாகக் கார்பன் நார் நடுவில் வைத்த கம்பி, சூடானாலும் அதிகம் தொய்யாது, ஏறக்குறைய இரண்டு மடங்கு மின்னோட்டம் தாங்கும். புதிய நிலம் வேண்டாம் என்பதால் அனுமதிச் சிக்கலும் குறைவு. ஆனால் முன்பே சொன்னபடி, நீண்ட லைனில் எல்லை வெப்பம் அல்ல, அங்கே இந்த வழி அவ்வளவாக உதவாது. குட்டை, நடுத்தர லைன்களுக்குத்தான் இது மருந்து.

அடுத்தது கிரிட்டின் வலு. இதை நான் விட்டுவிட முடியாது, ஏனென்றால் கம்பி மட்டும் போட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். பழைய மின்நிலையங்களில் சுழலும் பெரிய இயந்திரங்கள் அதிர்ச்சியைத் தாங்கிக்கொள்ளும். இன்றைய காற்றாலைகளில் பெரும்பாலானவை இன்வெர்ட்டர் என்ற மின்னணுக் கருவி வழியாக இணைகின்றன, கிரிட் ஆடினால் தங்கள் பாதுகாப்புக்காக விலகிக்கொள்ளும் அமைப்பு அவற்றில் உண்டு. 2016 செப்டம்பர் 28 அன்று தெற்கு ஆஸ்திரேலியாவில் சூறாவளி லைன் டவர்களைச் சாய்த்தது, அடுத்தடுத்து மின்னழுத்தம் சரிந்ததில் ஒன்பது காற்றாலைப் பண்ணைகள் சில நொடிகளில் 456 மெகாவாட் உற்பத்தியைக் குறைத்துக்கொண்டன, பக்கத்து மாநில இணைப்பு லைன் மேல் அந்தச் சுமை மொத்தமும் விழுந்து அதுவும் துண்டிக்கப்பட்டது, மாநிலமே இருண்டது. இத்தனை முறை மின்னழுத்தம் சரிந்தால் விலகிவிடு என்று அந்தக் காற்றாலைகளுக்குள் வைத்திருந்த அமைப்பு, கிரிட்டை இயக்கியவர்களுக்கே முன்கூட்டித் தெரிந்திருக்கவில்லை. அமைப்பை மாற்றினார்கள், 2021இல் நான்கு சிங்க்ரனஸ் கண்டென்சர்களை, அதாவது மின்சாரம் உற்பத்தி செய்யாமல் கிரிட்டுக்கு வலு தருவதற்காகவே சுழலும் இயந்திரங்களை நிறுவினார்கள். இப்போது அந்த மாநிலம் உலகிலேயே காற்றும் சூரியனும் மிக அதிகப் பங்கு வகிக்கும் கிரிட்டுகளில் ஒன்று. எனவே காற்று கூடினால் கிரிட் விழும் என்று பயமுறுத்துபவர்களிடம் முழுக் கதையையும் கேளுங்கள்.

பேட்டரிக்கு வருகிறேன். இன்று நிறுவப்படும் பேட்டரிகள் பெரும்பாலும் 2 முதல் 4 மணிநேரத்துக்கானவை. சூரிய மின்சாரத்தைப் பகலில் பிடித்து மாலையில் கொடுக்க அது பொருந்துகிறது. காற்று அப்படி இல்லை, மூன்று நாள் தொடர்ந்து அடிக்கும், பிறகு ஒரு வாரம் படுத்துவிடும். முதல் நாள் காலையிலேயே பேட்டரி நிரம்பிவிட்டால் மீதி நேரம் அந்த மின்சாரத்தை எங்கே வைப்பது? லைன் இருந்தால் இங்கே மிஞ்சுவது காற்று இல்லாத இடத்துக்குப் போகும். சில நூறு கிலோமீட்டர் இடைவெளி விட்டாலே இரண்டு இடங்களின் காற்றும் ஒன்றாக ஏறி இறங்குவது குறைந்துவிடும். டென்மார்க் தன் மின்சாரத்தில் பாதிக்கு மேல் காற்றிலிருந்து எடுக்கிறது. அது முடிவதற்குக் காரணம் நார்வேக்கும் ஸ்வீடனுக்கும் போகும் லைன்கள். நார்வேக்கு மட்டும் நான்கு கடலடிக் கேபிள்கள், சுமார் 1,700 மெகாவாட், முதல் கேபிள் 1970களிலேயே போட்டது. டென்மார்க்கில் காற்று மிஞ்சும்போது நார்வே தன் அணையைத் திறக்காமல் தண்ணீரைச் சேமிக்கிறது, காற்று நின்றதும் அந்தத் தண்ணீர் மின்சாரமாகத் திரும்பி வருகிறது. பேட்டரிக்குச் சரியான இடமும் உண்டு: நெரிசலான லைனின் இரண்டு முனையிலும் வைத்தால், ஒரு லைன் திடீரென்று விழும்போது நொடியில் தாங்கிப்பிடிக்கும், அந்தத் துணிச்சலில் மற்ற லைன்களை இன்னும் நிரப்பி ஓட்டலாம்.

கடைசியாக, ஒரு யூனிட்கூட வீணாகக் கூடாது என்று எதிர்பார்க்காதீர்கள். ஆண்டில் சில மணிநேரம் மட்டுமே வரும் உச்சத்துக்காக லைனைப் பெரிதாக்கினால் அந்தக் கடைசிச் சில மெகாவாட்டின் செலவு, அது மீட்கும் மின்சாரத்தின் மதிப்பைவிட அதிகமாகிவிடும். சில சதவீதம் விடுவது சிக்கனமான திட்டமிடல்தான், 15, 20 என்று போனால் லைன் பின்தங்கிவிட்டது என்று பொருள். ஒரு பெரிய காற்றாலைத் திட்டத்தை அறிவித்தால் எத்தனை மெகாவாட் என்பதோடு நிறுத்தாமல், எந்த சப்ஸ்டேஷனில் இணைகிறது, அங்கிருந்து வெளியேறும் லைனுக்குப் பாதை அனுமதி கிடைத்துவிட்டதா, டிரான்ஸ்பார்மருக்கு ஆர்டர் கொடுத்தாயிற்றா என்று கேளுங்கள். பெரிய டிரான்ஸ்பார்மர் கைக்கு வர இப்போது 2 முதல் 4 ஆண்டுகள் ஆகின்றன, இன்று ஆர்டர் கொடுக்காத திட்டம் அறிவித்த தேதியில் ஓடாது.